அண்ணனைச் சுவரோரம் உட்காரவைத்தது

என் அண்ணன் ஒரு சாப்பாட்டை முழுதாகச் சாப்பிட்டு எழுந்து நான் பார்த்ததில்லை. அண்ணி அவருக்கு வைத்திருந்த பெயர் 'பாதிச் சாப்பாடு'. பசியில்லாமல் இல்லை, ருசி பிடிக்காமலும் இல்லை. பேச்சு ஏதோ ஒரு பக்கம் திரும்பும், அவர் முகம் இறுகும், நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்கும். நாம் நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஆள் வாசலைத் தாண்டியிருப்பார். தட்டு மட்டும் நம்மைப் பார்த்தபடி இருக்கும்.

சாப்பாட்டோடு நின்றிருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். என் கல்யாணத்தன்று நான் புருஷன் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் அண்ணனைக் காணோம். தேடிப் போனால், வண்டி நிறுத்துமிடத்தில் முன்பின் தெரியாத ஒருவருடைய காருக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் அண்ணன் மகளுக்குப் பரிசு கொடுத்தார்கள். அவள் பெயரைக் கூப்பிட்டதும் இவர் எழுந்தார். கைதட்டத்தான் எழுகிறார் என்று நினைத்தோம், நேரே வெளியே போய்விட்டார். கூட வேலை பார்த்த நண்பர் ஓய்வுபெற்ற விருந்தில், மேலதிகாரி மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே கிளம்பி வந்தார். அதற்குப் பிறகு மேலதிகாரி இவரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாராம்.

மூக்குக்கு மேல் கோபம் என்று குடும்பம் கூடி ஒரு முடிவுக்கு வந்து, அவரைத் தண்ணீர் தெளித்து விட்டுவிட்டோம். வேடிக்கை என்னவென்றால் அவர் லிஃப்ட் மெக்கானிக். பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் இருந்துகொண்டு கண்டபடி திட்டுகிறவர்களிடம்கூட ஒரு வார்த்தை கடிந்து பேசமாட்டார். ஊராருக்கு அவர் தங்கமான மனுஷர். வீட்டு மனிதர்களிடம்தான் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி ஓட்டம்.

அவர் மகள் அப்பாவை உரித்து வைத்தவள். எழுந்து போவதில் ஒரே ஒரு வித்தியாசம், இவள் கதவை அறைந்துவிட்டுப் போவாள்.

போன குளிர்காலத்தில் அண்ணி ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். அன்று மதியம் அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்திலிருந்து எழுந்து வெளியே போனவர்தான், எல்லாம் முடிந்த பிறகுதான் உள்ளே வந்தார். கடைசி நேரத்தில் மகள் மட்டும் கூட இருந்தாள். அதன் பிறகு அவள் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் இருவரையும் என் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டுப் பார்த்தேன். முதல் தடவை அவர் எழுந்து போனார். மறு தடவை அவள் போனாள், என் வாசல் கதவின் தாழ்ப்பாள் கழன்று விழுந்தது. அண்ணன் அடுத்த நாள் வந்து அதைச் சரிசெய்துவிட்டு, காபிகூடக் குடிக்காமல் போனார்.

இப்போது அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் கடல் தாண்டி வேலை கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விமானம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவள் இப்படியே போய்விட்டால், அப்புறம் அப்பாவும் மகளும் ஒட்டவே மாட்டார்கள். எனக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். எதிர்ச்சாரியில் ஒரு சின்ன பிரெஞ்சு உணவகம் இருக்கிறது. நீளமான, ஒடுக்கமான இடம். ஒரு பக்கச் சுவர் முழுக்கச் சிவப்புத் தோல் வைத்துத் தைத்த பெஞ்சு, அதன் முன்னால் வரிசையாகக் குட்டிக் குட்டி மேஜைகள். மேஜைக்கும் மேஜைக்கும் நடுவே கை நுழையாது. பெஞ்சில் ஒருவர் உட்கார வேண்டுமென்றால், பரிமாறுகிறவர் வந்து மேஜையை வெளியே இழுக்க வேண்டும். ஆள் உள்ளே நுழைந்ததும் மறுபடி தள்ளிவிடுவார். அதற்கப்புறம் அவராக மனம் வைத்து இழுத்தால்தான் வெளியே வர முடியும். கூட்டமான வெள்ளிக்கிழமை மதியத்தில் பக்கத்து மேஜைக்காரர்களும் எழுந்து வழிவிட வேண்டும். போன மாதம் நான் அப்படி மாட்டிக்கொண்டு, கடைக்குத் தாமதமாகப் போய் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். திட்டு வாங்கிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு யோசனை உதித்தது.

என் பிறந்தநாள் என்று இருவரிடமும் தனித்தனியாகச் சொன்னேன். உண்மையில் பிறந்தநாள் வரப் பல மாதம் இருக்கிறது. அண்ணனுக்கு நினைவிருக்காது, அவளுக்குத் தெரியவே தெரியாது. உணவகத்தில் பரிமாறும் மீசைக்காரரை முன்கூட்டியே பார்த்துப் பேசினேன்.

"நான் கண்ணைக் காட்டினாத்தான் நீங்க மேஜையை இழுக்கணும்."

"யாரு மேடம் வர்றாங்க? கைதிங்களா?"

"எங்க அண்ணனும் அவர் பொண்ணும்."

"அது இன்னும் கஷ்டமாச்சே," என்றார் மீசைக்காரர்.

அண்ணன் முதலில் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, நகக்கண்ணில் கிரீஸ். அவரை உள்ளே தள்ளியாயிற்று. மகள் வந்தாள், அப்பாவைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். மீசைக்காரர் அதற்குள் மேஜையை இழுத்துப் பிடித்துக்கொண்டு குனிந்து வரவேற்க, நாலு பேர் பார்க்கிறார்களே என்று அவளும் நுழைந்தாள். மேஜை தள்ளப்பட்டது. இரண்டு பேரும் சுவருக்கு முதுகு காட்டி அக்கம்பக்கமாக, எதிர் நாற்காலியில் நான். இடப்பக்க மேஜையில் ஒரு வயதான தம்பதி ஒரு சட்டி நிறைய வேகவைத்த சிப்பிகளை வைத்துக்கொண்டு ஓடுகளைக் குவித்துக்கொண்டிருந்தார்கள். வலப்பக்கம் இரண்டு பெண்கள் ஒரே கேக்கை இரண்டு கரண்டியால் தின்றுகொண்டிருந்தார்கள்.

"அத்தை, இது உங்களுக்கே நல்லா இருக்கா?" என்றாள் அவள்.

"எனக்கு ரொம்ப நல்லா இருக்கு. சூப் சொல்லட்டுமா?"

வெங்காய சூப் வந்தது. மேலே ரொட்டியும் உருகிய சீஸும் மூடியிருந்தன. அவர்கள் இருவரும் என்னிடமே பேசினார்கள். "அவளுக்கு ரொட்டி வேணுமான்னு கேளு." "வேண்டாம்னு சொல்லுங்க அத்தை." நான் தபால்காரியானேன். அண்ணன் கரண்டியைத் தூக்கினால் சீஸ் நூல் நூலாக நீண்டுகொண்டே வந்தது, அறுபடுவேனா என்றது. மனுஷன் கழுத்தை மேலே தூக்கித் தூக்கிப் பார்த்தார். மகள் அவர் பக்கம் திரும்பாமலே கத்தியை நீட்டி அதை வெட்டிவிட்டாள். சிரிப்பு வந்திருக்க வேண்டும், உதட்டைக் கடித்துக்கொண்டாள். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

அடுத்து ஒயினில் வேகவைத்த கோழி. ஒருவழியாகப் பாதி தட்டு வரைக்கும் வந்துவிட்டோம். அப்போது அண்ணன் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு ஃப்ளைட்டாம்?"

"எதுக்கு?" என்றாள் அவள், தட்டைப் பார்த்தபடி. "வழியனுப்ப வந்துட்டு பாதியில எழுந்து போறதுக்கா? அம்மாவுக்குப் பண்ணின மாதிரியா?"

அண்ணன் முகம் இறுகியது. இரண்டு கையையும் மேஜை விளிம்பில் ஊன்றினார். வழக்கமாக அந்த நேரத்தில் நாற்காலி பின்னால் நகரும். பின்னால் சுவர். மேஜை என் வயிற்றில் இடித்தது, தண்ணீர் டம்ளர் ஆடியது. மீசைக்காரர் கையில் தட்டுகளோடு கடையின் அந்தக் கோடியில் இருந்தார். பக்கத்து மேஜைப் பெரியவர் இவரைப் பார்த்துவிட்டு, "எழுந்துக்கணுமா சார்? இருங்க, நாங்க நகர்றோம்," என்று சிப்பி ஓடுகளை அவசரமாக அள்ள ஆரம்பித்தார்.

"ஐயோ, வேண்டாங்க. நீங்க சாப்பிடுங்க," என்றார் அண்ணன். ஊராரைச் சிரமப்படுத்த அவருக்குத் தெரியாது.

அவர் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தட்டைப் பார்த்தார். கண்ணீர் பொலபொலவென்று கோழியின் மேல் விழுந்தது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரே வயிற்றில் பிறந்தவள் நான், அவர் அழுது ஒரு நாளும் பார்த்ததில்லை. என் கல்யாணத்தன்று அவர் குனிந்து டயர் மாற்றியது ஞாபகம் வந்தது. இந்த மனுஷன் கோபத்தில் எழுந்து போகவே இல்லை. அழுகை வருவது தெரிந்ததும் எழுந்து போயிருக்கிறார். அதைக் கண்டுபிடிக்காமல் ஆயுசு முழுக்கக் கோபக்காரன், கோபக்காரன் என்று பாடிக்கொண்டிருந்திருக்கிறோம். எனக்கு வெட்கமாக இருந்தது.

அவர் பதில் சொல்லவில்லையே என்று மகள் திரும்பினாள்.

"அப்பா?"

அண்ணன் துணி நாப்கினை முகத்தில் வைத்துக்கொண்டு பேசினார். "நான் அழுறதைப் பார்த்தா அவ பயந்துடுவாம்மா. அவ்வளவுதான்னு தெரிஞ்சுடும்ல அவளுக்கு."

"அம்மா பயப்படல. உங்களைத்தான் சொல்லிட்டிருந்தாங்க."

"என்ன சொன்னா?"

அன்றிலிருந்து அவர் அதைக் கேட்டதே இல்லை. கேட்கிற அளவுக்கு எந்தப் பேச்சிலும் உட்கார்ந்திருந்ததில்லை.

அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "'அப்பா வெளியிலதான் நிப்பாரு, கதவைச் சாத்தாதே'ன்னு சொன்னாங்க." மடியிலிருந்த நாப்கினை முறுக்கினாள். "நான் சாத்திட்டேன்பா. உங்க மேல இருந்த கோபத்துல சாத்திட்டேன். அம்மா கதவையே பார்த்துட்டு இருந்தாங்க. திறந்து விட்டிருக்கலாம். திறக்கல."

பாவம், குழந்தை. இத்தனை மாதமாக இதை ஒருவரிடமும் சொல்லாமல் மென்று முழுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். பேச்சை நிறுத்தியது அப்பா மேல் உள்ள கோபத்தால் மட்டும் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மீசைக்காரர் வந்து மேஜை விளிம்பில் கை வைத்துக்கொண்டு என் கண்ணைப் பார்த்தார். நான் தலையசைத்து வேண்டாம் என்றேன். அவர் தண்ணீர் ஜாடியை வைத்துவிட்டுப் போனார்.

"சாத்தினா என்னம்மா," என்றார் அண்ணன். "நான் அந்தக் கதவுலதானே காதை வெச்சுட்டு நின்னேன்."

"எனக்காகப் பொய் சொல்லாதீங்கப்பா."

"நீ அவளுக்குப் பேப்பர்ல இருந்து ராசிபலன் படிச்சே."

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த அறையில் அவளையும் அண்ணியையும் தவிர வேறு யாரும் இருந்திருக்கவில்லை.

"அந்தப் பேப்பரைக் காலையில நான்தான் கீழ கடையில வாங்கிட்டு வந்தேன்," என்றார் அண்ணன். "உங்க அம்மா ராசிக்கு அதுல என்ன போட்டிருந்தான்? வீண் அலைச்சல், எதுலயும் ஏமாற்றம்னு போட்டிருந்தான். நீ என்ன படிச்சே? உடம்பு சீக்கிரம் தேறும், வீட்டுல எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடுவாங்கன்னு படிச்சே."

அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பக்கத்து மேஜைப் பெண்கள் கேக்கை மறந்துவிட்டு எங்களையே பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது எனக்கு.

"இன்னொரு தடவை படின்னு அவ கேட்டா," என்றார் அவர். "நீ மறுபடியும் படிச்சே. ஒரு வார்த்தை மாறல. கதவுக்கு இந்தப் பக்கம் நான் வாயைப் பொத்திட்டு நின்னேன்."

அவள் அவர் தோளில் சாய்ந்து அழுதாள், கடை முழுக்கக் கேட்கும்படி. கண்ணீரும் ஒயின் குழம்பும் சட்டையில் ஆக, அண்ணன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவள் தலையைத் தூக்கிக் கேட்டாள்.

"நான் இட்டுக்கட்டிப் படிக்கிறேன்னு அம்மாவுக்குத் தெரியாதுல்லப்பா?"

அண்ணன் நாப்கினால் அவள் முகத்தைத் துடைத்தார்.

"காலையில எனக்கு அதைப் படிச்சுக் காட்டினதே அவதாம்மா," என்றார்.