கேட்டக்கா விரித்த சிவப்புக் கொடி

கேட்டக்காவும் அவள் புருஷனும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசி எட்டு மாதமாகிறது. சண்டை சச்சரவெல்லாம் ஒன்றுமில்லை. ரயில்வே கேட் கீப்பராகப் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு அவள் வீடு திரும்பினால், அவர் பணிமனைக்குக் கிளம்பியிருப்பார். ஞாயிற்றுக்கிழமையாவது மிஞ்சுமா என்றால், அதையும் அந்தப் பழைய நீராவி எஞ்சின் விழுங்கிவிட்டது. துருப்பிடித்துக் கிடந்ததை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மறுபடி ஓட வைத்த ஃபிட்டர்களில் அவரும் ஒருவர்.

இன்று அதற்குச் சிறப்புப் பயணம். "எஞ்சின்லயே நின்னுட்டு வர்றேன். கை காட்டுவேன், ஒரு தடவையாவது நிமிர்ந்து பாரு" என்று காலையில் போனில் சொன்னார். குரலில் அத்தனை அசதி.

"பாக்கறேன், வாங்க" என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, நடக்கிற காரியமா? கேட்டில் நிற்பவர் ரயிலை வேடிக்கை பார்க்கக் கூடாது, சக்கரங்களைத்தான் பார்க்க வேண்டும். பத்தொன்பது வருஷத்தில் ஒரு டிரைவர் முகம்கூட அவளுக்குத் தெரியாது.

கேட்டைச் சுற்றி ஊரே திரண்டிருந்தது. "அக்கா, கொஞ்சம் நகருங்க, உங்க கொடி மறைக்குது" என்றார் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்த ஒருவர். கொடி மறைக்கிறதாம்!

புகை கக்கிக்கொண்டு எஞ்சின் மெதுவாக வந்தது. நிமிர்ந்து பார்க்க மனசு அடித்துக்கொண்டது. பாழாய்ப்போன கண் கீழேதான் போயிற்று. ஒரு சக்கரத்தின் அச்சிலிருந்து புகை இழை. எண்ணெய் கருகும் நாற்றம். கை தானாகச் சிவப்புக் கொடியை விரித்தது.

ரயில் நின்றதும் புருஷன் குதித்து ஓடி வந்தார். "எல்லார் முன்னாடியும் மானத்த வாங்கிட்டியே!"

"அச்சு புகையுதுங்க."

குனிந்து அச்சுப்பெட்டியின் மூடியைத் திறந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "இதுக்கு மட்டும் எண்ணெய் ஊத்தல. ரெண்டு நாளா கண்ண மூடல... நான்தான் விட்டுட்டேன்."

எண்ணெய் ஊற்றியாயிற்று. அச்சு ஆறினால்தான் வண்டி நகரும். கேட் அறை பெஞ்சில் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தவர், டம்ளரைப் பிடித்தபடியே தூங்கிப்போனார். முகமெல்லாம் கரி. காதோரம் நரைத்திருந்தது. எப்போது நரைத்ததென்று அவளுக்குத் தெரியவில்லை.

"அக்கா, கொஞ்சம் தொட்டுப் பாருங்க. ஆறிடுச்சுன்னா ஃபிட்டர எழுப்புங்க, போயிடலாம்" என்று எஞ்சினிலிருந்து டிரைவர் கத்தினார்.

போய்ப் புறங்கையை வைத்துப் பார்த்தாள். நன்றாகவே ஆறியிருந்தது. மூடிய கேட்டுக்கு அப்பால் சாலையில் ஹாரன் காதைப் பிளந்தது. பத்தொன்பது வருஷமாக யாருக்கும் அவள் ஒரு தப்புத் தகவல் கொடுத்ததில்லை.

"சூடு இன்னும் இறங்கலைங்க. பத்து நிமிஷம் போகட்டும்" என்றாள்.