எடுத்துவை என்றொரு கட்டளை

பெயர் வைப்பது சின்ன வேலை என்று நினைப்பவர்கள் இராமநாதபுரத்தில் அந்த மாடி அறைக்கு ஒருநாள் வந்து முருகலட்சுமியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கீழே பேருந்து இரைச்சல், மேலே ஓட்டைக் காற்றாடி, நடுவில் கணினித் திரையை முறைத்துக்கொண்டு அவள். பிறந்த பிள்ளைக்குப் பெயர் தேடுகிறவர்கள்கூட அவ்வளவு மண்டையைக் குடைந்துகொள்ள மாட்டார்கள்.

திருவாடானைப் பக்கத்துக் கிராமத்துப் பெண். அவளைப் பெற்ற அய்யா இருளாண்டிக்கு மழையை நம்பிய நெல் வயல். சனிக்கிழமை ஊருக்குப் பஸ் ஏறினால் திங்கட்கிழமை காலையில் நேரே வேலைக்கு வந்து இறங்குவாள். யோகேஸ்வரன் நடத்தும் அந்தச் சின்ன மென்பொருள் அலுவலகத்தில் அவளையும் சேர்த்து நாலு பேர். அங்கே அவள் தனி ஆளாக ஒரு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு முதலாளிக்குப் பல ஊர்களில் கடை இருந்தால், ஒவ்வொரு கடைக் கணினியிலும் விலை, வரி, ரசீதில் அச்சாகும் முகவரி எல்லாம் சரியாக இருக்க வேண்டும். அந்த அமைப்புகளை ஒரே இடத்தில் உட்கார்ந்து கட்டளை அடித்தே பார்த்துக்கொள்ளலாம். அதற்கான மென்பொருள் அது.

கட்டளைகளைத் தமிழிலேயே வைத்தாள். என்ன மாறப்போகிறது என்று முன்கூட்டிப் பார்க்க ‘காட்டு’. மாற்றத்தைக் கடைகளுக்கு அனுப்ப ‘கொடு’. பழைய அமைப்பை நீக்க ‘அழி’. வேலை முடிந்து வெளியேற ‘வாரேன்’.

கடைசியைப் பார்த்து யோகேஸ்வரன் சிரித்தான்.

“வெளியேறுன்னு வைக்காம வாரேனா? இதை யாரு போயி ஒவ்வொருத்தருக்கும் சொல்லிக்குடுக்கிறது?”

“நம்மூர்ல கெளம்பும்போது போறேன்னு யாருண்ணே சொல்றா?”

“பேச்சுக்குச் சொல்றது வேற, மிஷினுக்குச் சொல்றது வேற. எல்லாத்தையும் இங்கிலீஷ்லயே வச்சிரு. உலகமே அப்படித்தான் வச்சிருக்கு.”

கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாய்ப்பு வாங்கினாள். கீழக்கரை காலிதா அம்மாவின் ஜவுளிக் கடைகளில் முதலில் ஓட்டிப் பார்ப்பது. அங்குள்ளவர்களுக்குக் கைவந்தால் பெயர்கள் இருக்கட்டும். வராவிட்டால் எல்லாம் இங்கிலீஷுக்கு மாறிவிடும். அவன் வார்த்தை மாற மாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் ஒத்துக்கொண்டாள்.

ஆறு கடைகளின் கணினிகளையும் கீழக்கரையிலிருந்து கவனித்துக்கொண்டவள் ஜஸீலா. கெட்டிக்காரி. ‘காட்டு’, ‘கொடு’ இரண்டையும் ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள். முருகலட்சுமி தலைகால் புரியாமல் திரிந்தாள். அந்தச் சந்தோஷத்தில் மண் விழுந்தது தொண்டிக் கடையால்.

தொண்டிக் கடை கடைத்தெருவிலிருந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இடம் மாறியிருந்தது. புது முகவரியைக் கொடுத்தாகிவிட்டது. ஆனால் ரசீதில் பழைய முகவரியே அச்சாகி வந்தது. சேலை மாற்ற வந்த பெண்கள் பூட்டிக் கிடந்த பழைய கடை வாசலில் வெயிலில் நின்றுவிட்டு, திட்டிக்கொண்டே திரும்பினார்கள். காலிதா அம்மா யோகேஸ்வரனுக்கு போன் செய்து, “இது சரிப்படாது போலருக்கே தம்பி” என்றார்.

“நான் அப்பவே சொன்னேன்” என்றான் யோகேஸ்வரன். அதுவே போதுமானதாக இருந்தது.

முருகலட்சுமி கீழக்கரைக்கு ஓடினாள். கணினியில் அவள் எழுதியதில் ஒரு பிசகும் இல்லை. பழைய கடையின் அமைப்பை நீக்கும் கட்டளையை மட்டும் யாரும் அடிக்கவே இல்லை.

“மறந்துட்டியா ஜஸீலா?”

ஜஸீலா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“மறக்கலக்கா. அழி, தொண்டிக் கடைன்னு அடிக்கணுமே. விரல் வரல. நாம உப்புத் திங்கிற எடம். அதைப் போயி காலங்காத்தால என் கையால அழின்னு அடிச்சா பரக்கத் இருக்குமா, யாவாரம் வெளங்குமா?”

வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். முருகலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. போன மாசம்தான் ஊரில் விதைநெல் அளந்தாள். முதல் மரக்காலை ‘லாபம்’ என்று சொல்லிப் போட்டுவிட்டு, அப்புறம்தான் ரெண்டு, மூணு என்று எண்ணினாள். ஒன்று என்று தொடங்க அவள் வாயே வராது. அந்த வாயை வைத்துக்கொண்டு அடுத்தவள் கடையை அழிக்கச் சொல்லியிருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது.

இங்கிலீஷில் இருந்திருந்தால் ஜஸீலா யோசிக்காமல் அடித்திருப்பாள், உண்மைதான். அது அவளைச் சுட்டிருக்காது. ஆனால் சுடாத சொல்லை எவரும் எப்போதும் யோசிக்காமல் அடித்துவிடலாம் என்பதும் உண்மை. ஜஸீலாவின் விரல் நின்றதில் ஒரு நியாயம் இருந்தது. அதை முருகலட்சுமி விடாமல் பிடித்துக்கொண்டாள்.

அன்று வெள்ளிக்கிழமை. வெயில் உச்சிக்கு ஏறியதும் காலிதா அம்மா உள்ளிருந்து கடை ஆட்களுக்குக் குரல் கொடுத்தார்.

“ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாச்சு. கடையை எடுத்து வைங்கப்பா.”

மூடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை. இத்தனை வருஷமாகக் கேட்ட பேச்சு அன்றைக்குத்தான் முருகலட்சுமியின் காதில் ஏறியது. பஸ்ஸில் திரும்பும்போது வழியெல்லாம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தாள்.

பெயரை மாற்ற ஒரு நிமிஷம் போதும். ஆனால் ‘எடுத்துவை’ என்று பெயர் வைத்துவிட்டு உள்ளே அழித்தால் அது பச்சைப் பொய். எடுத்து வைத்த சரக்கு மறுநாள் இருக்க வேண்டும். அதனால் மென்பொருளின் அந்தப் பகுதியையே பிரித்துப் போட்டு மறுபடி எழுதினாள். நீக்கும் அமைப்பு இனி அழியாது. ஓரமாகப் பத்திரமாக இருக்கும். ‘விரி’ என்றால் பழையபடி வந்து நிற்கும். ஒரு நல்ல சொல் தன்னை இப்படி வேலை வாங்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. முடித்தபோது தோள் வலித்தது, மனசு நிறைந்திருந்தது.

முடிவு தெரிய யோகேஸ்வரனும் கூடவே கீழக்கரைக்கு வந்தான். ஜஸீலா நாற்காலியில் உட்காரப் போனாள். காலிதா அம்மா அவளை விலக்கிவிட்டுத் தானே உட்கார்ந்தார்.

“என் கடைக்கு என்ன சொல்றீங்கன்னு நானே அடிச்சுப் பாக்குறேன்.”

ஒற்றை விரலால் தடவித் தடவி அடித்தார். எடுத்துவை, தொண்டி பழைய கடை. திரையில் பதில் வந்தது: ‘எடுத்து வைத்தாயிற்று. வேண்டும்போது விரி என்று சொல்லுங்கள்.’ காலிதா அம்மா அதை இரண்டு தரம் வாசித்தார். ஜஸீலா தொண்டிக்கு போன் போட்டாள். ரசீதில் புது முகவரி வந்திருந்தது.

“முடிஞ்சா இதைவிட்டு வெளிய எப்படிப் போறது?” என்றார் காலிதா அம்மா.

யோகேஸ்வரன் வாயைத் திறந்தான். முருகலட்சுமி கையமர்த்தினாள்.

“கடையை விட்டுக் கெளம்பும்போது நீங்க என்னம்மா சொல்லுவீங்க?”

இதென்ன கேள்வி என்பதுபோல் அவளைப் பார்த்துவிட்டு, காலிதா அம்மா திரும்பி ஒவ்வோர் எழுத்தாக அடித்தார். வாரேன்.

‘போயிட்டு வாங்க’ என்று காட்டிவிட்டுத் திரை மூடிக்கொண்டது.

காலிதா அம்மா வாய்விட்டுச் சிரித்தார். ஆறு கடைக்கும் இதையே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஜஸீலாவிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். யாரும் சொல்லிக்கொடுக்காமலே முருகலட்சுமி வைத்த பெயரைக் கண்டுபிடித்து ஒருவர் அடித்துவிட்டார்.

யோகேஸ்வரன் வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினான். அப்புறம் தெருவைப் பார்த்தபடியே சொன்னான்.

“மிச்சக் கட்டளைக்கும் நீயே பேரு வச்சிரு.”