முப்பத்தொன்றாவது கிளிப்

1964 ஜூலை 11, சனிக்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். வெளியே மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. தேர்வுக்கூடத்தின் தகரக் கூரை மூன்று இடங்களில் ஒழுகியது. அப்போதுதான் என் இடப்பக்கத்தில் ஒரு மரப்பெட்டி சிமெண்டுத் தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே அது அத்தான் என்று தெரிந்துவிட்டது. எதற்காக இழுக்கிறார் என்பதும் தெரிந்துவிட்டது. வயர்மேன் பர்மிட்டுக்கான செய்முறைத் தேர்வு அது. பதினெட்டுப் பேர், வயரிங் செய்து காட்ட ஆளுக்கொரு பலகை, இரண்டரை மணி நேரம். அவர் பத்தாம் எண், நான் பதினொன்று.

அத்தான் என் அக்காவின் கணவர். தாராவியில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் அவர்கள் இருவரும், இரண்டு பிள்ளைகளும், நானுமாக ஐந்து பேர் இருந்தோம். மாதுங்காவில் ஒரே காண்டிராக்டரிடம் எங்கள் இருவருக்கும் வேலை. அவருக்குப் பதினோரு வருட அனுபவம். எனக்கு இரண்டு வருடம், கூடவே ஒரு எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ். அத்தானுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். அந்த மே மாதம் முதலாளி எங்களைக் கூப்பிட்டு, செம்பூரில் எழும்பும் புதுக் குடியிருப்புகளில் பர்மிட் இல்லாதவன் வயரைத் தொடக்கூடாது, தீபாவளிக்குள் வாங்காதவன் ஏணி பிடிக்கலாம் என்று சொல்லிவிட்டார். ஏணி பிடிப்பவனுக்குப் பாதிக் கூலி.

கேள்வித்தாள் தொகுப்பு ஒன்றை வாங்கினேன். நூற்றுப் பன்னிரண்டு கேள்விகள். வாய்மொழித் தேர்வில் இந்தியில் பதில் சொல்லலாம் என்பதால், தாராவியிலிருந்து மாதுங்காவுக்கு நடக்கும் இருபத்திரண்டு நிமிடத்தில் நான் கேட்பேன், அவர் சொல்வார். நாளுக்குப் பதினான்கு கேள்வி. அவர் பீடி வாங்க நின்றால்கூட ஒரு கேள்வி போயிற்றே என்று பதறுவேன். "கேள்வி எழுதுனவன் கரண்டத் தொட்டுப் பாத்துருப்பானா மாப்ள?" என்பார். "தொட்டிருந்தா எழுத இருந்திருக்க மாட்டான் அத்தான், பதிலச் சொல்லுங்க" என்பேன். ராத்திரிச் சோற்றின் முன்னும் இதே பாடுதான். "பல்பு எரியுதா இல்லையான்னு பாத்துட்டுப் போவாவளா, இதுக்கு இம்புட்டுப் பேச்சா?" என்று அக்கா ரசத்தை ஊற்றுவாள்.

பதினேழாவது கேள்வி: இணைப்பைத் தொடுமுன் என்ன செய்ய வேண்டும்? "பெஹ்லே மெயின் பந்த்", முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும் என்று அத்தான் தூக்கத்தில்கூடச் சொல்வார். ஆனால் கூட வேலை பார்த்த இரண்டு வருடத்தில் அவர் மெயினை அணைத்து நான் பார்த்ததில்லை. எங்கள் சந்தில் ஒரு மெயினிலிருந்து பதினான்கு வீடும் ஒரு தகரப் பட்டறையும் ஓடின. அணைத்தால் பட்டறைக்காரன் சுத்தியலோடு வருவான். அதனால் அத்தான் ஷாக் அடிக்காமலிருக்கக் காய்ந்த மரப்பலகையோ பெட்டியோ தேடி இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறி, இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு வயரை மட்டும் தொடுவார். அதைப் பார்க்க நாலு பேர் கூடுவார்கள். அவர் கைக்குக் கேள்வி பதினேழு தெரியாது என்பது எனக்கு மே மாதமே தோன்றியது. தொகுப்பில் இல்லாததை எந்த எண்ணின் கீழ் சொல்வது என்று தள்ளிப்போட்டேன்.

வெள்ளிக்கிழமை வாய்மொழித் தேர்வில் இருவரும் தேறினோம். மறுநாள்தான் இந்தப் பெட்டிச் சத்தம். முந்தைய குழு அணைக்காமல் போன மெயின் அவருடைய பலகையில் அப்படியே ஆனில் இருந்தது. நான் அப்போது வயரைப் பிடிக்கும் கிளிப்புகளை மரச்சட்டத்தில் அடித்துக்கொண்டிருந்தேன். நாலங்குலத்துக்கு ஒன்று, மொத்தம் ஐம்பத்திரண்டு. முப்பத்தொன்று முடிந்திருந்தது. பேசினால் வெளியே அனுப்பிவிடுவார்கள்; இருமலாம். இருமினால் அவர் திரும்பிப் பார்ப்பார், கண்ணால் மெயினைக் காட்டலாம். இந்த வரிசை முப்பத்தாறோடு முடிகிறது, கணக்கு விட்டுப்போகாமல் அதை முடித்துவிட்டு இருமுவோம் என்று நினைத்தேன். ஐந்து கிளிப். ஒரு நிமிடம். முப்பத்து நான்கில் பூட்ஸ் சத்தம் என்னைத் தாண்டிப் போயிற்று.

"மெயின் சாலூ ஹை க்யா?" மெயின் ஆனில் இருக்கிறதா என்று கேட்டார் தேர்வாளர்.

"சாலூ ஹை ஸாப்" என்றார் அத்தான். அந்தக் குரலில் பெருமை இருந்தது. எங்கள் சந்தில் வேடிக்கை பார்க்கக் கூடும் நாலு பேரில் ஒருவர் என்றே தேர்வாளரை நினைத்திருக்க வேண்டும்.

தேர்வாளர் மெயினை அணைத்தார். பெட்டியிலிருந்து இறங்கச் சொன்னார். தாளில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். அத்தானின் விளக்கு எரிந்திருக்கும், எரிய விடவில்லை. நான் தேறினேன்.

அடுத்த ஆறு மாதம் செம்பூரில் நான் ஏணிமேல் நின்றேன், அவர் ஏணியைப் பிடித்தார். திருகாணிகளை என் கையில் போடும்போது, "எட்டு இருக்கு, எண்ணிக்கோ மாப்ள" என்பார். ஒவ்வொரு முறையும் எண்ணினேன், எட்டுதான் இருக்கும். ஜனவரியில் மறுபடி எழுத நானே பணம் கட்டினேன். "ஒனக்கு என்னல அவ்வளவு அக்கற?" என்று சந்தேகமாகப் பார்த்தார். இம்முறை மெயினை அணைத்தார், பர்மிட் வாங்கினார்.

இருபத்தாறு வருடம் கழித்து நெருளில் அவர் மகன் வீட்டில் வைத்துத்தான் இருமாத இருமலைச் சொன்னேன். வெற்றிலையை மென்றபடி கேட்டார். "நீ இருமியிருந்தா, பயலுக்கு மழைல சளி புடிச்சிட்டுன்னு நெனச்சிருப்பேன். வேலையப் பாப்பேனா, ஒன் மூஞ்சியப் பாப்பேனா?" என்றார். அக்கா சிரித்தாள். எனக்கு ஆறவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறாரோ என்ற சந்தேகம் அவர் போன பிறகும் என்னோடு இருந்தது.

சென்ற வாரம் இங்கே என் செம்பூர் வீட்டில் மின்விசிறியைச் சரிபார்க்க ஒருவர் வந்தார். முக்காலியைத் தரையில் இழுத்துப் போட்டு ஏறினார். மெயின் ஆனில் இருந்தது. இருமினேன். ஒன்று, இரண்டு, மூன்று முறை. அவர் குனிந்து பார்த்து, "காகா, தோடா பானி பீலோ" என்று தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டு வயருக்குக் கை நீட்டினார். நானே போய் மெயினை அணைத்தேன்.

அந்த ஜனவரியில் அத்தானுக்காக நான் கட்டியது இன்னும் கணக்காக நினைவிருக்கிறது: தேர்வுக் கட்டணம் பத்து ரூபாய், போட்டோ ஒரு ரூபாய், இருவருக்கும் ரயில் எண்பது பைசா. ஆகப் பதினோரு ரூபாய் எண்பது பைசா.