அரைக் கிலோ ஒரு கிலோவான காலை

தனப்பிரியாவுக்குப் பயம் கூடவே பிறந்தது. நாமக்கல்லில் மாடிமேல் இருக்கும் எங்கள் ஆபீசில் ஆறு வருஷமாகப் பக்கத்து நாற்காலி அவளுடையது. ஒரு வரி மாற்றினால் மூன்று தரம் பார்ப்பாள். "ஏனுங்க, பூட்டுன கதவ எத்தன தரம் இழுத்துப் பாப்பீங்க?" என்று கேட்பேன். சிரிக்கவே மாட்டாள். எனக்கு அந்தப் பயம் கிடையாது, அதில் கொஞ்சம் திமிரும் உண்டு.

சேந்தமங்கலம் ரோட்டில் சின்னண்ணன் என்பவருக்குக் கோழித் தீவன மில்லும் முட்டைப் பண்ணையும் இருக்கின்றன. இரண்டுக்குமான வெப்சைட் நாங்கள் செய்து கொடுத்தது. அதற்கு அடித்தளமாக இருக்கும் ஃப்ரேம்வொர்க் என்ற மென்பொருள் பழசாகிவிட்டது என்று சர்வர்காரர்கள் நெருக்க, ஒரு வெள்ளிக்கிழமை மாலை தனப்பிரியா அதைப் புதிய பதிப்புக்கு மாற்றினாள். மாற்றியதும் நாலு பக்கங்கள் திறக்காமல் சண்டித்தனம் பண்ணின. பக்கத்தின் சட்டத்தை டெம்ப்ளேட் என்போம். அதற்குள் எண்ணையும் தேதியையும் ஒழுங்காக எழுதிக்காட்டும் எடுபிடிகள் ஹெல்பர்கள். புதிய பதிப்புக்குப் பழைய ஹெல்பர்களின் பேச்சு புரியவில்லை. ஒவ்வொன்றாகச் சரிசெய்துவிட்டு ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தாள்.

மறுநாள் பத்து மணிக்குச் சின்னண்ணன் போன் செய்தார். "அம்மணி, முட்ட எட அம்பத்திரண்டு புள்ளி நாலுன்னு வரும். இன்னைக்கு வெறும் அம்பத்திரண்டுன்னு நிக்குது. என்னன்னு பாருங்க."

பார்த்தாள். எண் எழுதும் ஹெல்பரிடம் புள்ளிக்குப் பிறகு எத்தனை இலக்கம் என்று பழைய பாணியில் சொல்லியிருந்தது. புதியது அதைக் கண்டுகொள்ளாமல் பக்கத்து முழு எண்ணாக்கிவிட்டது, அரைக்குக் குறைந்தால் கீழே, அரையென்றால் மேலே. பிழை என்று ஒரு வார்த்தை கத்தவில்லை. கத்துகிற பிழையை நாலு வசவில் சரிபண்ணிவிடலாம், கமுக்கமாக இருப்பதுதான் ஆளைக் கொல்லும். ஹெல்பரிலேயே ஒரு வரி திருத்தி ஏற்றினாள், அது வரும் எல்லாப் பக்கமும் ஒரே அடியில் சரியாகிவிடும். பத்து நிமிஷ வேலை.

பிறகு வழக்கம்போல, இதே ஹெல்பர் வேறு எங்கெல்லாம் வருகிறது என்று தேடினாள். பதினோரு பக்கங்கள். கடைசிப் பக்கத்தில் அவள் கை நின்றுவிட்டது. "ஐயோ" என்றாள். அந்தக் குரலை அதற்குமுன் நான் கேட்டதில்லை.

அது மில்லில் மருந்து கலப்பவர்கள் பார்க்கும் திரை. குஞ்சுத் தீவனத்தில் ரத்தக்கழிச்சல் வராமலிருக்க ஒரு மருந்து சேர்ப்பார்கள், டன்னுக்கு அரைக் கிலோ. 0.5 என்று இருக்கவேண்டியது முந்தின மாலையிலிருந்து அவள் திருத்தும்வரை 1 என்று காட்டியிருக்கிறது. அந்த மருந்து இரண்டு மடங்கானால் குஞ்சுகளுக்குக் கால் விளங்காமல் போகும், கூட்டமாகச் செத்து விழும். அவள் அப்பா கோழி வளர்த்தவர், அதனால் இதை யாரும் அவளுக்குச் சொல்லவேண்டியதில்லை.

சின்னண்ணனுக்கு ஏழு தடவை அடித்தாள். எடுக்கவில்லை. உடனே கிளம்பினோம். என் வண்டியின் பின்னால் உட்கார்ந்து அவள் நடுங்கியது என் முதுகுக்குத் தெரிந்தது. எதிரே வந்த ஒவ்வொரு டெம்போவிலும் தீவன மூட்டை இருக்கிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

மில் வாசலில் டெம்போ பாதி மூட்டைகளோடு நின்றது. கடவுளே என்று இருந்தது. காலி மருந்துப் பைகள் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கிடப்பதைச் சின்னண்ணன் கண்டுபிடித்து, லோடை நிறுத்தியிருந்தார். ஒரு குஞ்சும் தின்னவில்லை.

ஆனால் உள்ளே அவர் கத்திக்கொண்டிருந்தார். எதிரே ஆராயியக்கா. பதினெட்டு வருஷமாக அந்த மில்லில் மருந்து நிறுப்பவர்.

"இங்க பாரு, புள்ளி அஞ்சுன்னுதான இருக்குது! எந்த ஊர்ல இது ஒரு கிலோ? நாளைக்கிருந்து நீ வர வேண்டாம்."

ஆராயியக்கா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார், பின்னால் தள்ளிப் பார்த்தார். 0.5 என்றுதான் இருந்தது. அரைமணி நேரத்துக்கு முன் நாங்கள் திருத்திய 0.5.

காலையில் அந்த இடத்தில் என்ன இருந்தது என்று நிச்சயமாகத் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நான் தனப்பிரியாவின் கையைத் தொட்டு, வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். குஞ்சுகள் பிழைத்தாயிற்று. வாயைத் திறந்தால் இந்த மில் போகும், இவர் சொல்லி வந்த நாலு மில்களும் போகும், எங்கள் ஆபீசே போகும். அப்படித்தான் நினைத்தேன். அதை மறைத்து நல்லவன் வேஷம் போட எனக்கு இஷ்டமில்லை.

அவள் உதடு வெளுத்திருந்தது. துப்பட்டா நுனியைக் கையில் முறுக்கிக்கொண்டே இருந்தாள். ஓடிவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன்.

"அண்ணா, காலைல அங்க ஒண்ணுன்னுதானுங்க இருந்துச்சு. எங்க மேல தப்புங்க. நான் மாத்துனதுல வந்துச்சு. அப்பறம் நாந்தான் சரி பண்ணுனேன். அக்கா சரியாத்தானுங்க நிறுத்தாங்க."

சின்னண்ணன் அவளை உற்றுப் பார்த்தார். திட்டுவார் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் டெம்போ பக்கம் போய், மூட்டைகளை இறக்கச் சொன்னார்.

தனப்பிரியா ஆராயியக்காவிடம் மன்னிப்புக் கேட்கத் திரும்பினாள். அந்த அம்மா மூட்டைமேல் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை அழுத்திக்கொண்டு அழுதார்.

"ஒண்ணுன்னுதான் பார்த்தேன் சாமி. அவரு காட்டறப்ப புள்ளி அஞ்சுன்னு நிக்குது. எங்கண்ணு ரெண்டும் போயிருச்சு, இனி எவன் எனக்கு வேல குடுப்பான்னு உள்ளுக்குள்ள செத்துட்டேன் சாமி."