கழுத்துக்குக் குறுக்கே ஒரு கை

நஞ்சப்பனைப் பற்றிச் சொன்னால் என் மானமும் சேர்ந்துதான் போகும். போகட்டும்.

கருமத்தம்பட்டியில் தம்பிதுரையின் தறிக்கூடத்தில் அவரும் நானும் அடுத்தடுத்த தறி ஓட்டினோம். நாற்பது விசைத்தறி ஓடும் இடத்தில் வாய்க்கு வேலையில்லை, கைதான் பேச வேண்டும். கட்டைவிரலை வாய்க்குக் காட்டினால் டீ. கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்தால் தறியை நிறுத்து. அவ்வளவுதான் எங்கள் பாஷை.

தொண்ணூற்று நாலு, ஆடி மாதம். நூலோடு குறுக்கே பாயும் நாடா தறியை விட்டுத் தெறித்து நஞ்சப்பன் மனைவி, அங்கேயே தறி ஓட்டிய செவ்வந்தியின் முகத்தில் அடித்தது. அதன் இரும்பு முனை எவ்வளவு கூர் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். இடது கண் இருந்த இடத்தில் ரத்தம்தான் இருந்தது.

இன்னொருத்திக்கு இப்படி ஆகக்கூடாது, எல்லாத் தறிக்கும் தடுப்புக் கம்பி வேண்டும். நஞ்சப்பன் கேட்க நினைத்தது அது ஒன்றுதான். ஆபீஸ் அறையில் முதலாளி தம்பிதுரையோடு பேச்சுவார்த்தை வைத்தார்கள், துணைக்கு நானும் போனேன். அவர் முதலாளி முன்னால் கை கட்டியே நின்று பழகியவர். "கையக் கட்டீட்டுப் பேசாதீங்ணா, அவுத்துவுட்டுப் பேசுங்க" என்று ஏற்றிவிட்டவன் நான். பெரிய வக்கீல், பாருங்கள்!

நன்றாகத்தான் பேசினார். வார்த்தைக்கு வார்த்தை மரியாதை. குரல் மட்டும் தறிச்சத்தத்தில் பழகிய குரல், அறையே அதிர்ந்தது.

"தடுப்பு போடலீங்கன்னா நாளையிலிருந்து தறிய நிறுத்திப்போடுவமுங்க" என்றார். சொல்லும்போதே கை தன்னால் கழுத்துக்குக் குறுக்கே போய்விட்டது.

முதலாளி மகன் கிருபாசங்கர் மெட்ராஸில் படித்துவிட்டு அந்த வாரம்தான் வந்திருந்தான். தறிக்கூடத்துக்குள் கால் வைத்ததில்லை.

"எங்கப்பன் கழுத்த அறுப்பேங்கறயாடா?"

இரும்பு நாற்காலியைத் தூக்கி நஞ்சப்பன் முகத்தில் இறக்கினான். இரண்டு பல் மேசைமேல் விழுந்தன. "அந்தக் கைதானடா, அந்தக் கைதானே" என்று கத்தினான். அவர்கள் ஆட்கள் மூன்று பேர் அவருடைய வலது கையை வாசற்படியில் வைத்து அழுத்திப் பிடித்தார்கள். அவன் நாற்காலியால் அடித்துக்கொண்டே இருந்தான். எலும்பு நொறுங்கிய சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

"சாமி, நா ஒண்ணும் தப்பாச் சொல்லலீங்க சாமி" என்று அலறினார் மனுசன். அப்போதும் 'ங்க'வை விடவில்லை.

அது தறிக்காரன் சைகை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அடி நின்றிருக்கும். நான் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றேன். பயந்தாங்கொள்ளி நாய்!

இருபதாம் நாள், மாவுக்கட்டோடு அவரை வரச் சொன்னார்கள். கழுத்தை அறுப்பேன் என்றதற்கு மன்னிப்புக் கேட்டால் வேலை உண்டு, இல்லையென்றால் புருசன் பெண்டாட்டி இரண்டு பேரும் வெளியே போக வேண்டும் என்றார்கள். செவ்வந்தியும் கூட வந்தாள், நானும் போனேன்.

"நீங்க பேச வேண்டாமுங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு, தறிக்கூடத்தைப் பார்த்த கண்ணாடி ஜன்னலுக்குப் போனாள். முதல் தறியில் நின்ற தாஜுன்னிசா நிமிர்ந்து பார்த்தாள். செவ்வந்தி தன் கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்தாள்.

தாஜுன்னிசா தறியை நிறுத்திவிட்டு அடுத்தவளுக்கு அதே சைகையைக் காட்டினாள். அவள் அதற்கடுத்தவளுக்கு. கொஞ்ச நேரத்தில் நாற்பதும் நின்றன.

கிருபாசங்கர் முகம் வெளுத்துப்போனது. "ஏனுங்கப்பா, இது உங்களுக்குத் தெரியுமுங்களா?"

தம்பிதுரை நாலு தறியில் தானே நின்று ஓட்டி முன்னுக்கு வந்தவர். தலையைக் குனிந்துகொண்டார். அடி விழுந்த அன்றைக்கு அந்த அறையில் வாயை மூடிக்கொண்டிருந்தவன் நான் ஒருத்தன் மட்டும் இல்லை.

அந்த வாரமே தடுப்புக் கம்பி வந்துவிட்டது. நஞ்சப்பனின் விரல்கள் அதற்கப்புறம் மடங்கவேயில்லை, அறுந்த நூலை முடிச்சுப் போட அவரால் ஆகாது. சங்கக் கூட்டத்தில் இப்போதும் பேசுகிறார், வலது கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு. நான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். "நீ ஏன் அன்னிக்குச் சொல்லலே" என்று ஒருதரம்கூட அவர் கேட்டதில்லை. கேட்டுத் தொலைத்திருக்கலாம்.