வண்டாகவும் இருக்கலாம்

திருவாரூர் விவசாய டிப்போவில் என்னோடு வேலை பார்த்த ஃபீல்டுமேன் கோவிந்தராசு பூதலூர்க்காரர். பூச்சியைப் பார்த்துப் பேர் சொல்வதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. ஆனால் அந்தப் பேரை அவர் வாயிலிருந்து வாங்குவதற்குள் நமக்குப் பாதி உயிர் போய்விடும். சாம்பாரில் உப்பு சரியா என்று மனைவி கேட்டால்கூட இன்னொரு கரண்டி ஊற்றச் சொல்வார். நிச்சயமாகத் தெரியாததைச் சொல்லமாட்டார். அந்தக் குணத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இருக்கிறது.

ஆட்சி மாறி, ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலம். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு வயலாட்கள் வேலையை நிறுத்தியிருந்தார்கள். சிவப்புக் கொடி கட்டிய தெருக்களுக்கு மிராசுதார்களின் ஆட்கள் கம்போடு போய்வந்தார்கள். பொழுது சாய்ந்தால் யாரும் வெளியே தலைகாட்டுவதில்லை.

கூலியாள் காத்தானுக்குப் பூச்சி என்றால் பிரியம். புதிதாக எதைக் கண்டாலும் பிடித்து வைக்கும்படி கோவிந்தராசு அவனிடம் சொல்லியிருந்தார். அப்படிப் பிடிக்கப் போனவன்தான் மிராசுதார் தியாகராசனின் வரப்பில் தகரடப்பாவோடு அகப்பட்டுக்கொண்டான். டப்பாவில் கருகருவென்று பூச்சிகள். பயிரைச் சுரண்டித் தின்னும் முள்வண்டை வேலைநிறுத்தக்காரன் கொண்டுவந்து வயலில் விடுகிறான் என்று மிராசுதாரின் ஏஜெண்ட் நாகநாதன் முடிவு கட்டினார். அவனைக் களத்துக் கொட்டகையில் அடைத்துவிட்டு டப்பாவை எங்களிடம் கொண்டுவந்தார்.

"இது வண்டுதானுங்களே?"

பூச்சிகள் தண்ணீர் பட்டுச் செத்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. குண்டு உடம்பு, முதுகோடு படிந்த இறக்கை. கோவிந்தராசு ஒன்றை நகத்தால் புரட்டினார். "குளவி மாதிரியும் தெரியுது. காய வச்சுப் பார்த்துச் சொல்றேன்."

"அப்ப வண்டாவும் இருக்கலாம்?"

"இருக்கலாம்."

நாகநாதனுக்கு அது போதும். கிளம்பிவிட்டார்.

"குளவின்னே சொல்லித் தொலைச்சிருக்கலாமேய்யா" என்று கத்தினேன்.

"சொல்லி, நாளைக்கு அது தப்புன்னு ஆனா? அப்புறம் அவனுக்காக நான் பேசறதை யாரு நம்புவா?" என்றார்.

மறுநாள் உலர்ந்த பூச்சியின் இறக்கையை ஊசியால் பிரித்தார். வண்டுக்கு இருக்கும் ஓடு இல்லை. கண்ணாடித் தாள் போல நான்கு இறக்கைகள், மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒடுங்கிய இடுப்பு. பின்தொடை பருத்து, அதில் ஒரு மஞ்சள் பொட்டு. இலைச்சுருட்டுப் புழுவின் கூட்டில் முட்டையிட்டு அதை ஒழிக்கிற குளவி. பயிருக்கு நல்லதுதான் செய்யும். டப்பாவையும் லென்ஸையும் எடுத்துக்கொண்டு இருவரும் தியாகராசன் வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தோம்.

வழியில் களத்துக் கொட்டகை திறந்து கிடந்தது. இரண்டு பேர் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் கழுவுவதை நிறுத்திவிட்டு முதுகைக் காட்டி நின்றார்கள். உள்ளே காத்தானைக் காணோம்.

தியாகராசன் லென்ஸில் வெகுநேரம் பார்த்தார். "அட, இடுப்பு இருக்கு. குளவிதான்யா."

"காத்தான் மேல தப்பில்லீங்க ஐயா. விட்டுடச் சொல்லுங்க" என்றார் கோவிந்தராசு.

தியாகராசன் லென்ஸை வேட்டி நுனியில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். "நீங்க இதை நேத்தே சொல்லியிருக்கலாம்."

நாகநாதன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். காத்தான் எங்கே என்று கோவிந்தராசு திரும்பத் திரும்பக் கேட்டார். தியாகராசன் எழுந்து உள்ளே போய்விட்டார்.

வெளிவாசலில் காத்தானின் மனைவி ராமாயி தூக்குச்சட்டியோடு நின்றிருந்தாள்.

"பூச்சி என்னன்னு சொல்லிட்டீங்களாய்யா?"

"சொல்லிட்டேம்மா. குளவி."

"அவங்க ஒத்துக்கிட்டாங்களா?"

"ஒத்துக்கிட்டாங்க."

கோவிந்தராசு களத்துப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு குனிந்துகொண்டார். ராமாயியின் முகம் தெளிந்தது.

"அப்ப அது வந்துடும்" என்று வேலியோரம் உட்கார்ந்தாள். சோறு ஆறிவிடாமல் சட்டியை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டாள்.