மெல்லினம் போன மூக்கு

என் மூக்கில் குறை இருப்பதாக முதலில் சொன்னது மனிதர் யாரும் இல்லை, ஒரு பதாகை.

நான் தமிழ் சொல்லிக்கொடுக்கும் துணைப்பாட நிலையம் லிட்டில் இந்தியாவில் ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. படிக்கட்டு வாசலில் ஆசிரியர்களின் முகங்களை அச்சடித்துத் தொங்கவிட்டார்கள். வடிவமைத்தவர், யாரும் கேட்காமலேயே, என் மூக்கை இரு பக்கமும் ஒடுக்கி, நடுவில் ஒரு மேடு எழுப்பி வைத்திருந்தார். இந்த ஊரில் மரத்தைக்கூட வெட்டி ஒழுங்குசெய்துதான் வளர விடுகிறார்கள். என் மூக்கை மட்டும் சும்மா விடுவார்களா?

எனக்கு இருந்தது அப்பாவின் மூக்கு. தண்டு சப்பை, நுனி உருண்டை, துளைகள் தாராளம். அதனால் இருபத்தேழு வருடங்களில் எந்தத் தொல்லையும் வந்ததில்லை. காற்று உள்ளே போனது, வெளியே வந்தது. அதற்கு மேல் ஒரு மூக்கிடம் என்ன எதிர்பார்ப்பது என்று இப்போது கேட்கத் தெரிகிறது. அப்போது தெரியவில்லை.

அந்தப் பதாகையைப் பார்த்துவிட்டு, தூரத்து உறவில் ஒரு சித்தி அம்மாவுக்கு ஃபோன் போட்டு, "பையன் மூக்கும் முழியுமா இருக்கான், எங்க பக்கத்துல ஒரு பொண்ணு இருக்கு" என்றார். பிறகு ஒரு கல்யாண வரவேற்பில் என்னை நேரில் பார்த்தார். பிரியாணி நன்றாக இருந்தது என்றார். பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. அந்த ஒரு மௌனத்துக்காக நான் முகத்தில் கத்தி வைத்துக்கொண்டேன். அவர் ஒருவேளை மறந்தே போயிருக்கலாம். அதை நான் யோசிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். யோசிப்பதில் எனக்கு நிபுணத்துவம் உண்டு என்பது வீட்டில் எல்லோருடைய எண்ணமும்.

தஞ்சோங் பகாரில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் உயரமான மாடியில் அழகுச் சிகிச்சை கிளினிக் ஒன்று இருந்தது. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். டாக்டர் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவர் 'ஆலோசகர்' என்று பிறகு தெரிந்தது, அதாவது விற்பனையாளர். என் முகத்தை ஒரு திரையில் போட்டு, விரலால் மூக்கை நசுக்கிக் காட்டினார். முகத்தின் ஒத்திசைவு என்று ஆங்கிலத்தில் நாலு தடவை சொன்னார். நான் ஃபோனில் இருந்த பதாகைப் படத்தைக் காட்டி, இதே போல் வேண்டும் என்றேன். என்னுடைய முகத்தையே மாதிரியாகக் கொண்டுவந்த முதல் வாடிக்கையாளர் நான்தான் என்று சிரித்தார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். டாக்டரைப் பார்த்தது சில நிமிடங்கள்தான். அவர் என் மூக்கின் வெளியே பார்த்தார். உள்ளே யாரும் பார்க்கவில்லை.

புக்கிட் மேராவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் யாருக்கு எந்தக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். வீடமைப்புக் கழகக் கடிதம், இன்சூரன்ஸ், பள்ளிக்கூடப் படிவம், எல்லாவற்றையும் வரிவரியாகப் படித்து, எங்கே கையெழுத்துப் போடக்கூடாது என்று சொல்பவன் நான். அந்த கிளினிக்கில் பதினோரு பக்கம் கொடுத்தார்கள். கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டேன். சுவாசம் பாதிக்கப்படலாம் என்று ஆறாம் பக்கத்தில் எழுதியிருந்ததாம்.

வீட்டிலும் நிலையத்திலும் சைனஸ் ஆபரேஷன் என்று சொன்னேன். அம்மா தஞ்சோங் பகாரிலேயே வேறொரு கட்டடத்தில் துப்புரவு வேலை செய்கிறார். வேலை முடிந்து வந்ததும் ஒரு சட்டியில் மஞ்சளும் யூகலிப்டஸ் தைலமும் போட்டுக் கொதிக்கவைத்து, தலையில் துண்டைப் போட்டு, "ஆவி புடி தம்பி, எல்லாம் இறங்கிடும்" என்றார். ஆவி படக்கூடாது என்று கிளினிக்கில் கட்டளை. துண்டுக்குள் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, சட்டியைப் பார்க்காமல், கால் மணி நேரம் ஆவி பிடிப்பதாக நடித்தேன். "இறங்குதா?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். "இறங்குதும்மா" என்றேன். படித்த பிள்ளை.

மூக்குக் கட்டைப் பிரித்தபோது பதாகை மூக்கு வந்திருந்தது. அதை மறைக்க மாட்டேன், அழகாகத்தான் இருந்தது. ஒரே பிரச்சினை, அது மூக்காக வேலை செய்யவில்லை. மூச்சை இழுத்தால் பக்கச் சுவர்கள் இரண்டும் ஈரப் பிளாஸ்டிக் பை ஒட்டிக்கொள்வது போல உள்ளே போய் ஒட்டின; வெளியே விட்டாலும் பிரியவில்லை. கிளினிக்குக்கு எழுதினேன். வீக்கம் வடிய நாளாகும் என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். வாயால் மூச்சுவிடுவது உங்கள் பழக்கமாக இருக்கலாம் என்று பதில் வந்தது. மூன்றாம் முறை, கைகூப்பும் எமோஜிப் பொம்மை ஒன்று வந்தது. ஒத்திசைவைப் பற்றி நாலு தடவை பேசியவர்களுக்குக் காற்றைப் பற்றி ஒரு வாக்கியம் எழுத வரவில்லை.

பல்கலைக்கழக நண்பன் ஒருவன், நீ உன்னை நேசிக்கப் பழக வேண்டும் என்று அறிவுரை சொன்னான். நேசிக்கலாம். முதலில் மூச்சுவிட வேண்டுமே.

தொடக்கநிலை நான்கு வகுப்பில்தான் முழு உண்மை வெளியே வந்தது. சொல்வதெழுதுதல். நான் வாசிக்க, பிள்ளைகள் எழுத வேண்டும். "மாலையில் நாய் குரைத்தது" என்று வாசித்தேன். வகுப்பில் சிரிப்பு. அமைதி என்று மேசையைத் தட்டிவிட்டு மறுபடி வாசித்தேன். இன்னும் சிரிப்பு. நோட்டுகளை வாங்கிப் பார்த்தால், பாதிப் பேர் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள்: பாலையில் தாய் குரைத்தது.

சிவப்புப் பேனாவால் சுழித்தேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள்.

"சார், நீங்க அப்படித்தான் சொன்னீங்க. நாங்க எழுதினது கரெக்ட்டு."

"நான் நாய்னு சொன்னேன்மா."

"பாருங்க சார், இப்பவும் தாய்னு சொல்றீங்க. சார் ஃப்ளூவா? மாஸ்க் போடுங்க லா சார்."

இதில் கொடுமை என்னவென்றால், இந்த வகுப்புக்கு மெல்லினத்தை நடத்தியதே நான்தான். வல்லினத்துக்கு நெஞ்சு, மெல்லினத்துக்கு மூக்கு என்று மனப்பாடம் செய்யச் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அதனால் ஒரு வித்தை கண்டுபிடித்து வைத்திருந்தேன். எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள், இப்போது 'ம்' சொல்லுங்கள் பார்க்கலாம். வராது. 'ந்' சொல்லுங்கள். வராது. மூக்கு அடைத்தால் ங, ஞ, ண, ந, ம, ன ஆறும் போய்விடும் என்று பெருமையாகச் சொல்வேன். வருடா வருடம் இதைச் சொல்லிக்கொடுத்த மனிதன், ஒரு நாள் போய், காசு கொடுத்து, தன் மூக்கைத் தானே நிரந்தரமாகப் பிடித்துவைக்கச் சொல்லியிருக்கிறான். டாக்டருக்குத் தமிழ் தெரியாது, அவரை விட்டுவிடலாம். தமிழை மட்டுமே பிழைப்பாக வைத்திருக்கும் நான் ஆறு எழுத்துகளைக் கொடுத்துவிட்டு ஒரு பக்கத் தோற்றத்தை வாங்கி வந்திருந்தேன்.

தாய் குரைத்த நோட்டு ஒரு வீட்டுக்குப் போனது. அந்த வீட்டுத் தாய் நிலையத்துக்கு ஃபோன் செய்தார். எங்கள் நிர்வாகி அம்மா என்னை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார்.

"சார், கோச்சுக்காதீங்க. நீங்க பேசறது எனக்கே பாதி புரியல. ஜூன் லீவு வரைக்கும் வேற ஆள் வாசிப்பு எடுக்கட்டும். நீங்க கட்டுரை மட்டும் திருத்துங்க. அதுக்குள்ள அந்த சைனஸை யார்கிட்டயாவது காட்டி சரி பண்ணிடுங்க."

"சரியாகலேன்னா?"

"தமிழ் டீச்சரை எதுக்கு சார் வைக்கிறோம்? பேசறதுக்குத்தானே."

வகுப்பு போனால் என்னிடம் மிச்சம் எதுவும் இல்லை. சரிசெய்ய வேண்டுமென்றால் உண்மையான டாக்டரிடம் போக வேண்டும். அங்கே போய் சைனஸ் என்று கதை விட முடியாது. திரும்ப ஆபரேஷன் என்றால் வீட்டில் ஒரு ஆள் துணை வேண்டும். ஆக, அப்பாவிடம் சொல்லாமல் என் குரல் திரும்பாது. அப்பாவிடம் என்ன சொல்வது? உன் மூக்கு எனக்கு வேண்டாமென்று அறுத்துவிட்டேன் என்றா?

நான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த போது அப்பாவே பேச்சை எடுத்தார். அவர் கிராஞ்சியில் ஒரு நர்சரியில் வேலை பார்க்கிறார். நாளெல்லாம் தேங்காய்நார்த் தூளும் உரமும் கலந்து தொட்டிகளில் நிரப்புவார். அவருக்குப் பல வருடங்களாக மூக்கடைப்பு. இரண்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர்; டாக்டர், வக்கீல் எல்லாவற்றுக்கும் நான் சொல்வதுதான் முடிவு.

"உன் டாக்டரையே எனக்கும் பாருடா," என்றார். "மூக்கு பாக்க நல்லா பண்ணியிருக்கான். சைனஸ் எடுத்தா இப்படியா ஆகும்? கைராசிக்காரன் போல."

பிறகு பார்க்கலாம் என்றேன். அவர் விடவில்லை. நான் மறுப்பதை அவர் செலவுக்குத் தயங்குவதாக எடுத்துக்கொண்டார் என்பதுதான் எனக்கு அதிகம் சுட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு தயாராக நின்றார். "கிளம்பு, நேரா போய் கேட்டா உள்ள விடுவாங்க." லிஃப்டில் இறங்கினோம். கீழ்த்தளத்தில் கல்மேசையைச் சுற்றி மூன்று சீனத் தாத்தாக்கள் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். அங்கே நின்றுவிட்டேன்.

"அப்பா, அங்க போக வேண்டாம். அது சைனஸ் இல்ல."

"பின்ன என்ன?"

மூக்கை அழகு பண்ணிக்கிட்டேன் என்றேன். என் மூக்கு அதைப் "பூக்கை அழகு" என்று வெளியே அனுப்பியது.

"பூவையா? எந்தப் பூவை?" என்றார் அப்பா. நாளெல்லாம் செடிகளோடு கிடப்பவர். "நர்சரிக்கு யாராவது ஆர்டர் கேட்டாங்களா?"

"பூ இல்லப்பா. மூக்கு."

"அதான் பூக்குன்னு சொல்றியே. என்னடா பூக்குது? தெளிவா பேசு."

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் சொல்ல முடியும் என்று நான் வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்த வாக்கியம் அது. மூன்றாம் தடவை கத்தினேன். சதுரங்கம் நின்றது. நாலாம் தடவை, விரலால் என் மூக்கைக் காட்டி, இரண்டு பக்கமும் வெட்டுவது போல இழுத்துக் காட்டினேன்.

அப்பாவுக்குப் புரிந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கல்மேசையைப் பார்த்தார்.

"அழகுக்கா?"

"ஆமா."

"யாரு நல்லா இல்லேன்னு சொன்னா?"

"யாரும் சொல்லலப்பா."

"யாரும் சொல்லாமலேயா வெட்டிக்கிட்ட?" தன் மூக்கைத் தடவிக்கொண்டார். "இந்த மூக்கை வச்சுக்கிட்டுத்தான் உங்கம்மாவைப் பொண்ணு பார்த்தேன். அவளே ஒண்ணும் சொல்லல. அவ எதுக்கும் குறை சொல்லாம விடுறவளா?"

 நான் என்ன சொன்னாலும் அவருக்குப் புரிந்திருக்காது, எழுத்துகள் பாதிதான் வருகின்றன.

"அப்ப அந்த டாக்டர் மூச்சுக்கு டாக்டர் இல்ல?"

"இல்லப்பா."

"நான் லீவு போட்டாச்சேடா," என்றார். அப்போதுதான் அவருக்குக் கோபமே வந்தது. "வா, பாலிகிளினிக்காவது போவோம்."

போனோம். அந்த அரசாங்க மருந்தகத்தின் இளம் டாக்டர், கையில் ஒரு சின்ன விளக்கோடு, அப்பாவின் மூக்குக்கு உள்ளே பார்த்தார். உள்ளே பார்க்கும் டாக்டரை நான் முதல் தடவை அங்கேதான் கண்டேன். தூசி ஒவ்வாமை, ஸ்ப்ரே அடியுங்கள், வேலையில் முகக்கவசம் போடுங்கள் என்றார். முடிந்தது. அந்த அகலத் துளைகளைப் பற்றி அவர் எந்தக் கருத்தும் சொல்லவில்லை.

"இவனையும் பாருங்க டாக்டர்," என்று அப்பா என்னை நாற்காலியில் தள்ளினார்.

எதற்காக ஆபரேஷன் செய்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். வாய் பழக்கத்தில் "சைனஸ்" என்று ஆரம்பித்தது. அப்பா குறுக்கே வந்தார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்கள் மிகக் குறைவு. அதில் சரியானதை எடுத்தார்.

"பியூட்டி, டாக்டர். பியூட்டி."

டாக்டர் சிரிக்காமல் தட்டச்சு செய்துகொண்டார். அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். காது மூக்குத் தொண்டை நிபுணருக்குக் கடிதம் கொடுத்தார். சுவரைத் தாங்க விலா எலும்பிலிருந்து குருத்தெலும்பு எடுத்து வைக்க வேண்டியிருக்கலாம், உள்ளே ஆறுவதற்கு ஒரு வருடம் போல விட்டுத்தான் தொடுவார்கள், பழையபடி ஆகும் என்று யாரும் உறுதி தர மாட்டார்கள் என்றார். ஜூன் லீவு எல்லாம் அந்தக் கணக்கில் எங்குமே இல்லை.

திரும்பும் பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து ஸ்ப்ரே பெட்டியைப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தார். இரண்டு நிறுத்தம் கழித்து என் பக்கம் திரும்பினார்.

"உங்கம்மாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

"நானே சொல்றேன்."

"சொல்லு. ஆனா அவ அடுப்படியில இருக்கும்போது சொல்லாத, விசிறி ஓடும், ஒண்ணும் கேக்காது. உக்கார வச்சு, புரியற வரைக்கும் சொல்லு."